எவர்சில்வர் ரயிலின் கடைசிப் பெட்டி

1

நவம்பர் பிறந்ததும், பாரிஸ் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் தெரு முழுக்கச் சாமந்தி வந்துவிடும். பூக்கடை வாசலில், சூப்பர் மார்க்கெட் நுழைவில், பெட்ரோல் பங்கில்கூட மஞ்சளும் ஊதாவுமாகத் தொட்டி தொட்டியாக அடுக்கிவைப்பார்கள். நான் இந்த நாட்டில் வந்து இறங்கியது இப்படி ஒரு வாரத்தில்தான். குளிர் என்பது என்னவென்று அன்றைக்குத்தான் என் காதுமடல்களுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பூவைப் பார்த்ததும் திண்டிவனம் மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிட்டாற்போல் ஒரு தெம்பு.

அன்று மாலை என் மனைவி ஜோஸ்பினின் சித்தி வீட்டில் எனக்கு முதல் விருந்து. ஜோஸ்பின் வேலையிலிருந்து நேராக வந்துவிடுவதாக ஏற்பாடு. புது மாப்பிள்ளை வெறுங்கையோடு போகலாமா? கடையில் இருந்ததிலேயே பெரிய தொட்டியாக ஒன்றை வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினேன். கதவைத் திறந்த சித்தி தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு தம்பி செத்துட்டாங்க?" என்றார்.

இங்கே சாமந்தி கல்லறைக்கு வைக்கிற பூ. இறந்தவர்களை நினைக்கும் அந்த வாரத்தில் மட்டும் தெருவெல்லாம் நிறையும். உயிரோடிருப்பவர் வீட்டுக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். அந்தத் தொட்டி அன்று முழுக்கப் பால்கனியில் குளிரில் நின்றது. நாங்கள் உள்ளே கோழிக்குழம்பு சாப்பிட்டோம்.

ஒவ்வொரு வருஷமும் இந்த வாரத்தில் ஜோஸ்பின் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். இந்த வருஷம் அவள் சிரித்தபோது நான் சமையலறை மேசையில் குனிந்து, விரல்நகம் அளவுள்ள ரயில் ஜன்னல் ஒன்றுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் திண்டிவனத்தில் என் அண்ணனுக்கும் எனக்கும் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஊரில் இருப்பவர்கள், "அங்க போயி இன்னாதான் பண்றே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இதைத்தான் பண்ணுகிறேன்.

2

என் பெயர் சகாயராஜ். விழுப்புரத்துக்காரன். அப்பா மரியதாஸ் ரயில் பாதையில் கேங்மேனாக இருந்தவர். ஜோஸ்பின் புதுச்சேரி. அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால், அந்த ஊர்ப் பேச்சில் 'சொல்தா' வீடு. குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். கல்யாணம் செய்துகொண்டதால் நானும் வந்தேன்.

வந்ததும் பெயர் மாறிப்போனது. இங்கே ஆளுக்கொரு குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது அது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தது, அதை எடுத்து எனக்கு வைத்துவிட்டார்கள். நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் எல்லோருக்கும் நான் 'முசியே மரியதாஸ்'. படுக்கை விரிப்புகள் மலைபோல் குவிந்திருக்கும் அந்த அறையில், யாராவது தூரத்திலிருந்து என்னைக் கூப்பிடும்போது, அப்பா எங்கோ தண்டவாளத்து ஓரமாக நடந்து வருகிறார் என்று சில சமயம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

மொழி அதைவிட மோசமான வேலைகள் செய்தது. பிரெஞ்சில் ரயில் நிலையத்தைக் கிட்டத்தட்ட 'கார்' என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் ஒருநாள் அண்ணன் போன் செய்தபோது, "கார்ல இருக்கேண்ணா, அப்புறம் பேசறேன்" என்றேன். நான் வீடு திரும்புவதற்குள் திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு நான் கார் வாங்கிவிட்ட செய்தி போய்விட்டது. அண்ணன் ஆரோக்கியசாமி அங்கே பஸ் லாரிகளுக்கு டிங்கரிங் வேலை செய்யும் மேஸ்திரி. "இன்னா கலர்?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

எங்கள் மகள் கிளாரா இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சிறு வயதில் இரண்டும் கலந்து வந்தது. பள்ளிக்கூடம் போகப் போகத் தமிழ் அவளுக்குள் கீழே இறங்கிக்கொண்டே போய், தட்டினால் மட்டும் சத்தம் வருகிற ஆழத்துக்குப் போய்விட்டது. வேலைக்குப் போக ஆரம்பித்ததும் தனி அறை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டாள்.

3

அப்படி அவள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதியில் பழைய சாமான் சந்தை போட்டிருந்தார்கள். ஜோஸ்பின் தட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பொம்மை ரயில் பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்கள், ஒரு அடித்தட்டு, கொஞ்சம் இருக்கைகள். பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான் இருக்கும். பக்கச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே வரி வரியாக நெளிந்த தகடு. நிஜப் பெட்டி முழுக்க எவர்சில்வரில் செய்தது என்று அட்டைப்பெட்டிமேல் இருந்த படத்தில் தெரிந்தது. பழைய காலத்து அமெரிக்க ரயில். காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காக உடம்பில் எங்கேயும் மூலை இல்லாமல் செய்திருக்கிறார்கள். அது வண்டியின் கடைசிப் பெட்டி. பின்பக்கம் சதுரமாக முடியாமல், கண்ணாடி வைத்து உருண்டு முடியும். அந்த உருண்டையும் கூரையும்தான் அட்டைப்பெட்டிக்குள் இல்லை.

நான் அமெரிக்கா போனதில்லை. போகிற யோசனையும் இல்லை. ஆனால் ஒரு முழு ரயில் எவர்சில்வரில் என்று நினைத்ததும், விளக்கிக் கவிழ்த்த பாத்திரங்களெல்லாம் வரிசையாக எழுந்து வெயிலில் ஓடுவதுபோல் இருந்தது. வாங்கிவிட்டேன்.

எங்கள் ரயில் நிலையத்துக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. அங்கே சனிக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடி மாதிரி ரயில்கள் செய்வார்கள். அங்கே போய்க் கேட்டுக் கேட்டு வேலையைக் கற்றுக்கொண்டேன். எல்லோரும் பிரெஞ்சு ரயில் செய்கிறவர்கள். சங்கத் தலைவர் பெர்னார் ஓய்வுபெற்ற தபால்காரர். "இந்தியாக்காரர், பிரான்சில் உட்கார்ந்து, அமெரிக்க ரயில் செய்கிறீர்கள். ஏன்?" என்று முதல் நாளே கேட்டார். பெட்டி கிடைத்தது, செய்கிறேன் என்றேன்.

கூரையை மென்மரத்தில் செதுக்கினேன். பின்பக்க உருண்டையைத் தனியாகச் செதுக்கிக் கூரையோடு ஒட்டி, இடைவெளியைப் பட்டிப் பசையால் அடைத்துத் தேய்த்தேன். ஏறுகிற இடத்துக் கைப்பிடிகளைத் தலைமுடி போன்ற பித்தளைக் கம்பியில் வளைத்தேன். உள்ளே மேசை விளக்குகள், திரைச்சீலைகள், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உயரத்துக்கு மனிதர்கள். எல்லாம் முடிந்தபின் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளி. வெள்ளிப் பெயிண்ட் இரக்கமில்லாதது. அடியில் ஒரு கீறல் இருந்தால் அதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். ஜோஸ்பின் ரசம் தாளிக்கிற வாசனையும் தின்னர் வாசனையும் எங்கள் வீட்டில் ஒன்றாகவே இருந்தன.

வேலை முடிந்த சாயங்காலங்களில் மேசையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, பெட்டியின் பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பேன். சின்ன விளக்குகளுக்கு அப்பால் எதிர்ச் சன்னல் தெரியும். அதற்கு அப்பால் எங்கள் சமையலறைச் சன்னல், அதில் தெருவிளக்கு, மழை. கொஞ்ச நேரத்தில் பெட்டி நிற்பதும் தெரியாது, நகர்வதும் தெரியாது. வெளியே எங்கள் ஊர்ப்பக்கத்து வல்லத்தின் மல்லாட்டைக் கொல்லைகள் பச்சையாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு ஸ்டேஷன் வரும். போர்டில் எந்த மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் கடந்துவிடும்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று ஜோஸ்பின் கேட்பாள்.

4

அண்ணனுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம். முதலில் காலில் உணர்ச்சி குறைந்தது. பிறகு கண். திண்டிவனத்தில் பார்த்தார்கள், புதுச்சேரியில் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு கண் போய், அது பழகுவதற்குள் மற்றதும் மங்கியது. கடைசியில் வாசல் எந்தப் பக்கம் என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்லும் அளவுக்குக்கூட மிச்சமில்லை.

பட்டறையில் அவர் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். நசுங்கி வந்த பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டு, கையால் தடவிப் பார்த்து, "போ, உரிச்ச முட்டை மாதிரி இருக்குது" என்று அனுப்புவார். அந்த மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டார். தெருவில் யாரோ கையைப் பிடித்து, "பாவம், பாத்து வாங்க" என்றார்களாம். அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவர் பிறகு வெளியே போகவே இல்லை. நான் போன் செய்தால் அண்ணி எலிசபெத் எடுத்து அவர் காதில் வைப்பார். மூச்சு மட்டும் கேட்கும்.

"தம்பி, உங்க அண்ணன் செவுத்தப் பாத்து படுத்துக்கினே இருக்காருப்பா. சாப்பாடுன்னா எழுந்திரிக்கிறாரு, அவ்ளோதான். எனக்குப் பயமா இருக்குது. ஒரு தபா வந்துட்டுப் போங்க" என்றார் அண்ணி.

நான் இப்போது பிரெஞ்சுக் குடிமகன். என் ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் மரியதாஸ், விண்ணப்பத்தில் தகப்பனார் பெயரும் மரியதாஸ். பிறப்புச் சான்றிதழில் வெறும் சகாயராஜ். விசா அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் மூன்று காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப்பிரமாணம் எழுதி வாங்கிவர இன்னும் சில வாரம் போயிற்று.

ஜோஸ்பினுக்கு லீவு கிடைக்கவில்லை. கிளாரா தானாகவே, "நான் வருகிறேன்" என்றாள், பிரெஞ்சில்தான். ஏன் என்று கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கடைசிப் பெட்டியைப் பஞ்சு வைத்து அடைத்துக் கையிலேயே எடுத்துக்கொண்டேன். பெர்னாருக்கு அதில் விருப்பமில்லை. வசந்தகாலத்தில் நகராட்சி மண்டபத்தில் எங்கள் சங்கக் கண்காட்சி, அதற்கு அந்தப் பெட்டி போவதாக இருந்தது. "அவருக்குத்தான் பார்வை இல்லையே" என்றார், மெதுவாக. எனக்கும் அது தெரியாதா? ஆனால் அண்ணனுக்குக் காட்டுவதற்கு என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். "விக்கறதுக்கா சார்?" "இல்ல சார், அண்ணனுக்குக் காட்ட." அவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிமிரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. "உள்ள ஒருத்தர் பேப்பர் படிச்சுட்டிருக்காரு சார்" என்றார், எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல. மூடிக் கொடுத்து அனுப்பினார்.

5

அண்ணன் வீடு மேம்பாலத்தைத் தாண்டி ஒரு சந்தில். கட்டிலில் உட்காரவைத்திருந்தார்கள். இளைத்திருந்தார். என் குரலைக் கேட்டதும் முகம் திரும்பியது, ஆனால் என்னைத் தாண்டிக் கொஞ்சம் வலப்பக்கமாக.

"வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பெட்டியை அவர் மடியில் வைத்தேன்.

"இன்னாடா இது?"

"ரயில் பெட்டிண்ணா. நானே செஞ்சது. தொட்டுப் பாரு."

அவருடைய தடித்த விரல்கள் மேலேயிருந்து கீழே வந்தன. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஏறுகிற இடத்துக் கைப்பிடி.

"ஒடஞ்சிடுச்சா?"

"பரவால்லண்ணா."

கையை எடுத்துக்கொண்டார். முகம் இறுகியது. "குருடன் வெளையாடட்டும்னு பொம்மைய எடுத்துக்கினு வந்திருக்கான் பாரு, பிரான்சுலேந்து. எடுத்துக்கினு போடா அந்தாண்ட."

அடுப்படியில் அண்ணியின் கரண்டிச் சத்தம் நின்றது. கிளாராவுக்குச் சொல் புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. நான் பெட்டியை எடுத்து டிவி மேசைமேல் வைத்தேன்.

அன்று சாயங்காலம், எங்களோடு உட்கார்ந்து பேசவில்லை என்ற குறை தீரவோ என்னவோ, அண்ணன் கிளாரா இருந்த பக்கம் திரும்பி, "உனுக்கு இன்னா வயசும்மா ஆவுது?" என்றார்.

கிளாரா பிரெஞ்சில் நினைத்துத் தமிழில் சொன்னாள். "நான் இருபத்திமூணு வயசு வச்சிருக்கேன், பெரியப்பா."

அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். "பத்திரமா வச்சிக்கம்மா" என்றார். "நான் வச்சிருந்ததெல்லாம் எங்க போச்சின்னே தெரியல."

அண்ணி முதலில் சிரித்தார். பிறகு நான். என்ன தவறு என்று தெரியாமலே கிளாராவும் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் அன்றிரவு சுவர் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை என்று காலையில் அண்ணி சொன்னார்.

6

இரண்டு மூன்று நாள் கழித்து, மதிய நேரம். அண்ணியும் நானும் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தோம். கரண்ட் இல்லை. வெளி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியபோது, கட்டிலில் அண்ணன். மடியில் பெட்டி. தரையில் கிளாரா, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு.

"இந்தப் பொண்ணுகிட்ட எட்த்து குடுன்னு கேட்டேன்" என்றார் அண்ணன், ஏதோ சாக்குச் சொல்வதுபோல. பிறகு, "எந்த ஊரு வண்டி இது?"

"அமெரிக்கா."

"நீ இருக்கறது பிரான்சு. நான் இருக்கறது திண்டிவனம். வண்டி அமெரிக்காவா?"

"ஆமாண்ணா."

"நல்ல குடும்பம்டா" என்றார். விரல் பக்கச் சுவரின் வரிகளில் போய் வந்தது. பிறகு பின்பக்க உருண்டையில் நின்றது. "இது ஏன் பானை அடி மாதிரி இருக்குது?"

"கடைசிப் பெட்டிண்ணா. அதுல உக்காந்தா தண்டவாளம் பின்னாடி போறத பாத்துக்கினே போலாம்."

"வர்றதப் பாக்காம, போறதப் பாத்துக்கினே போறதா." உருண்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கும்."

பிறகு அவர் விரல் கூரையில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி நின்றது. அந்த முகத்தை நான் அறிவேன். பட்டறையில் பஸ்ஸின் பக்கவாட்டில் கை வைத்துக்கொண்டு நிற்கிற முகம்.

"இங்க ஒரு மேடு இருக்குது. பட்டி வச்சவன் காயறதுக்குள்ள தேச்சிட்டான்."

"வச்சவன் நான்தாண்ணா."

"தெரியிது."

வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சுத்தமான வெள்ளி. உள்ளே வந்ததும் என் விரலை வாங்கி அவரே அந்த இடத்தில் வைத்தார். அப்போதும் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கண்ண மூட்றா" என்றார்.

மூடினேன். கொஞ்ச நேரம் வெறும் வழவழப்பு. பிறகு மெல்ல, தூக்கத்தில் யாரோ கூப்பிடுவதுபோல, அது வந்தது. நூல் கனத்துக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். கூரையும் உருண்டையும் சேர்கிற இடம்.

"எடுத்துடலாமா?" என்றார் அண்ணன்.

எடுப்பதென்றால் தேய்ப்பது. தேய்த்தால் அந்த வெள்ளி போய்விடும். ஒரு குளிர்காலம் முழுக்க அடித்த வெள்ளி. கண்காட்சிக்கு மண்டபத்தில் இடம்கூடக் குறித்துவிட்டார்கள். "பெயிண்ட் எல்லாம் போயிடும்ணா" என்றேன்.

"போவட்டும். மறுபடி அடிச்சிக்கலாம்." சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அண்ணி என்னைப் பார்த்தார். பெட்டியை அந்தக் கையில் வைத்தேன்.

அதற்கப்புறம் வீடு மாறிவிட்டது. வாளியில் தண்ணீர் வந்தது, பழைய புடவை விரிக்கப்பட்டது. தேய்க்க வாட்டர் பேப்பர், அடிக்கக் கறுப்பும் வெள்ளியும், அடைக்க என்.சி. பட்டி என்று வரிசையாகச் சொல்லி என்னை ஹார்டுவேர் கடைக்கு அனுப்பினார். "ஜல்தி வா. என் பேரச் சொல்லு, பழசு குடுக்க மாட்டான்" என்றார். பேரைச் சொன்னேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தார்.

"ஆரோக்கியம் மேஸ்திரியா? வேல பாக்கறாரா?"

"பாக்கறாருங்க."

"எந்த வண்டி?"

"ரயிலுங்க" என்றேன். மறுநாள் அவர் அதைப் பார்ப்பதற்கென்றே வீட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அண்ணன் அவர்களை வெளிச்சத்தை மறைக்காமல் நிற்கச் சொல்லித் திட்டினார். அது எனக்காக என்று நினைக்கிறேன்.

தேய்ப்பார், துடைப்பார், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். மறுபடி தேய்ப்பார். உடைந்த கைப்பிடிக்கு ஒரு பழைய மோட்டார் காயிலிலிருந்து கம்பி உருவித் தந்தார். அதை வளைத்தது கிளாரா. இத்தனை வருஷம் என் மேசைப் பக்கம் வராத பெண், அண்ணி புருவம் திருத்துகிற சாமணத்தை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி வளைத்தாள். வெள்ளி அடித்ததும் அவள்தான். ஸ்ப்ரே டின் அவள் கையில், அண்ணன் பக்கத்தில், முகத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டு.

"கிட்ட போவாத. சத்தம் மாறுது பாரு. ஆங். கைய நிறுத்தாத, போய்க்கினே இரு... போய்க்கினே இரு..."

"போய்க்கினே இரு" என்று கிளாராவும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தாள்.

"பேஜாரு புடிச்ச மனுஷன், மறுபடி கத்த ஆரம்பிச்சிட்டாரு" என்று அண்ணி என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை முழுக்கத் துடைத்துக்கொண்டார்.

பெட்டி இப்போது முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் வெள்ளி கொஞ்சம் கனமாக விழுந்துவிட்டது. ஆனால் கூரை உரித்த முட்டை. அதைத்தான் கண்காட்சியில் வைத்தேன். பெர்னார் நெடுநேரம் பார்த்துவிட்டு, யார் தேய்த்தது என்று மட்டும் கேட்டார். அடுத்த பெட்டியின் கூரையைச் செதுக்கித் திண்டிவனத்துக்குப் பார்சலில் அனுப்பினேன். போன வாரம் அது அண்ணன் கையால் தேய்ந்து திரும்பி வந்தது. கிளாரா இப்போதும் பிரெஞ்சில்தான் பேசுகிறாள். எப்போதாவது, "பெரியப்பா இன்னா பண்றாரு?" என்று அசல் திண்டிவனத் தமிழில் கேட்கிறாள். ஜோஸ்பினுக்கு அந்த 'இன்னா' பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

7

திரும்புவதற்கு முந்தின நாள் நடந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காலையில் அண்ணன் தானாகவே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நெஜ வண்டியத் தொட்டு எவ்ளோ நாளாச்சி. விழுப்புரம் போலாம் வா" என்றார். ஏன் திண்டிவனம் ஸ்டேஷனிலேயே தொடக்கூடாது என்று அண்ணி கேட்டார். "இங்க வந்தா நிக்கவே நிக்காது, பூடும். அங்கதான் ஓரமா நிப்பாட்டி வச்சிருப்பான்" என்றார்.

பஸ்ஸில் போனோம். விழுப்புரம் ஜங்ஷனில் கூட்டம் இருந்தது. படியில் நான் ஒரு பக்கம், கிளாரா மறுபக்கம். யாரோ நகர்ந்து வழிவிட்டு, "பாத்து, பாத்து" என்றார்கள். அண்ணனின் பிடி என் கையில் இறுகியது. திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நடந்தார்.

புதுச்சேரி போகிற பாசஞ்சர் புறப்பட நேரமிருந்ததால் பிளாட்பாரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. வெயிலில் காய்ந்த நீலப் பெட்டிகள். எவர்சில்வரும் இல்லை, உருண்டையும் இல்லை. அண்ணன் எங்கள் இருவர் கையையும் விட்டார். உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், ஆனால் எடுக்கவில்லை. அப்படியே நடக்க ஆரம்பித்தார். கதவின் கைப்பிடி, ஜன்னலின் விளிம்பு, எழுத்துகளின் மெல்லிய தடிப்பு. ஓரிடத்தில் நின்று, திரும்பிவந்து தடவி, "இங்க ஒருத்தன் பட்டி போட்டிருக்கான். நல்ல வேலக்காரன்" என்றார், யாருக்கென்றில்லாமல். மறுபடி நடந்தார். நாங்கள் பின்னால், தொடாமல். வண்டி நின்றுகொண்டிருந்தது, ஆனால் அவர் கைக்கு அது ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஜன்னலில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாக அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பொறுக்கமுடியாமல் என்னிடம் கேட்டார். "இன்னாப்பா, இன்னா தேடறாரு அவுரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குரல் வந்தது. பட்டறையில் ரோட்டைத் தாண்டிக் கேட்கிற குரல்.

"ஒண்ணுமில்லம்மா. பாத்துக்கினு இருக்கேன்."

அந்த அம்மா ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த தன் முழங்கையை உள்ளே இழுத்து, அவர் கைக்கு வழிவிட்டார்.